ஹால் சுவத்துல பட்டி பார்த்த இடம் தனியாத் தெரியுது, அவசரம்

கதிர்_77: பெயிண்ட் உரிஞ்சு பள்ளமான நாலு இடத்துல புட்டி பூசி, தேய்ச்சு, பெயிண்டும் அடிச்சாச்சு. இப்ப ஒட்டுப் போட்ட மாதிரி தெரியுது. ரெண்டு இடத்துல நகம் பட்டாலே மாவாக் கொட்டுது. ஞாயித்துக்கிழமை விசேஷம். என்ன பண்ணலாம்?

கரணை: பவுடர் புட்டியா, டப்பால வர்ற அக்ரிலிக்கா? பள்ளம் எவ்வளவு ஆழம்? சுவரை நனைச்சீங்களா? பிரைமர் அடிச்சீங்களா?

ஈரச்சுவர்: எல்லாம் ஓதம். பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டி வைங்க. ஷீட்டோட உள்பக்கம் வேர்த்தா ஈரம் சுவத்துக்குள்ள இருக்கு. அதை நிறுத்தாம எதைப் பூசினாலும் உதிரும். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூமா?

பழைய_கை: புட்டி பையில நனைக்கச் சொல்லி அச்சடிச்சிருக்கு தம்பி. அதைப் படிக்காம இங்க வந்து கேட்டா எப்படி?

கதிர்_77: பவுடர்தான். நனைக்கல, பிரைமரும் இல்ல. ஒரு ரூபா காசு ரெண்டு அடுக்கின ஆழம். அந்தப் பக்கம் பெட்ரூம்.

வெள்ளையடி: பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வச்சு அடைங்க, அரை மணியில இறுகிடும்.

ஈரச்சுவர்: பிஓபி ஈரம் பட்டா ஊறிப் பொத்துக்கும். அதைச் சொல்லாதீங்க.

வெள்ளையடி: சீலிங் முழுக்க பிஓபி நிக்குதே?

பழைய_கை: சீலிங்ல ஓதம் ஏறாது. கீழ்ச் சுவத்துல ஏறும். அடிப்படை தெரியாம வாதாடாதீங்க.

கரணை: பிஓபி பேச்சு போதும். கதிர், காஞ்ச சுவர் புட்டில இருக்கிற தண்ணியை உறிஞ்சிடுச்சு. பவுடர் புட்டில இருக்கிறது வெள்ளை சிமெண்ட், அது இறுகத் தண்ணி இல்லாம மாவாயிடுச்சு. ஆழமும் அதிகம். மெல்லிசாப் பூசுற நைஸ் புட்டி ரெண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மி.மீ.தான் தாங்கும்.

மாவா இருக்கிறதைக் கெட்டித் தரை வர்ற வரைக்கும் சுரண்டுங்க. தூசியைத் துடைச்சு, தண்ணி தெளிங்க. ஈரமா இருக்கணும், வழியக் கூடாது. பள்ளத்தைக் கோர்ஸ் புட்டியால, அதாவது கொரகொரப்பான புட்டியால அடைங்க. மறுநாள் லேசா நனைச்சு அதுமேல நைஸ் புட்டி. கிலோவுக்கு 360 முதல் 400 மி.லி. தண்ணி. இறுக ஆரம்பிச்ச கலவைல மறுபடி தண்ணி ஊத்தாதீங்க.

ஓரத்தைப் பழைய பெயிண்ட் மேல இழுக்கும்போதுதான் வெள்ளை சிமெண்ட் செதிலா உரியும். அதனால அந்தப் பெயிண்டை எமரி போட்டுச் சொரசொரப்பாக்கி, பிரைமர் அடிச்சு, அகலத் தகடால டப்பா அக்ரிலிக் புட்டியை ஒரு சாண் தூரத்துக்கு மெல்லிசா இழுங்க. காஞ்சதும் 180 நம்பர் எமரித் தாளால தேய்ங்க, அப்புறம் அதைவிட நைஸான 320. தூசி துடைச்சு மறுபடி பிரைமர்.

பழைய_கை: டார்ச்சை விட்டுட்டீங்க. சுவரோட ஒட்டிப் பக்கவாட்டுல அடிச்சுப் பாக்கணும். நிழல் விழுந்தா மேடு பள்ளம், இன்னும் தேய்க்கணும். நிழலே இல்லாம மங்கலா மட்டும் தெரிஞ்சா பிரைமர் குறை, பட்டி பெயிண்டைக் குடிச்சிருக்கு. கடைசிக் கோட்டை மூலையில இருந்து மூலை வரைக்கும் முழுச் சுவருக்கும் அடிக்கணும். திட்டுத் திட்டா அடிச்சா தெரியத்தான் செய்யும்.

ஈரச்சுவர்: ஷீட் ஒட்டிப் பாத்தீங்களா?

கதிர்_77: உள்பக்கம் காஞ்சிருக்கு. டார்ச் அடிச்சா நாலுலயும் ஓரத்துல நிழல். சுரண்ட ஆரம்பிச்சாச்சு, நன்றி.