சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே சத்தம், இன்ஜின் சுற்றவில்லை. செல்ஃப் மோட்டார்தானா? எங்கே இருக்கும், நானே மாற்றலாமா?

அரவேனுக்காரன்:

வணக்கம். வண்டி 2010 மாடல் சின்ன பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், கியர் வண்டி. வீடு கோத்தகிரி பக்கம். கொஞ்ச நாளாகக் காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் அசைவதே இல்லை. திரும்பத் திரும்பச் சாவி போட்டால் ஏதோ ஒரு தடவை பிடித்துக்கொள்கிறது. வெயில் ஏறிய பிறகு பெரும்பாலும் தொல்லை இல்லை. பேட்டரி போன வருஷம்தான் மாற்றினது, ஹாரன், ஹெட்லைட் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

வாசலே இறக்கம் என்பதால் இப்போதைக்கு செகண்ட் கியரில் உருட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கோவை கூட்டிப்போக வேண்டும், அங்கே சமதரையில் நின்றுவிட்டால் யாரைத் தள்ளச் சொல்வது? ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, பானட்டைக்கூடத் திறக்காமல் புது மோட்டார் போட்டாக வேண்டும் என்றார்கள். எனக்கு அந்த மோட்டார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கையில் ஸ்பானர் செட்டும் மல்டிமீட்டரும் இருக்கின்றன.

குன்னூர்_ஸ்பானர்:

தம்பி, எந்த வண்டி என்று சொல்லவில்லை, பரவாயில்லை, தேடுகிற வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து போகிற தடித்த கேபிளை விரலால் பிடித்துக்கொண்டே போ, அது எங்கே போய் முடிகிறதோ அதுதான் செல்ஃப் மோட்டார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், ஃபிளைவீலை (இன்ஜினோடு சுற்றுகிற கனமான பல் சக்கரம்) ஒட்டி உட்கார்ந்திருக்கும், சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். பெரிய உருளைக்கு மேல் சின்ன உருளை ஒன்று ஒட்டியிருக்கும், அந்தச் சின்னது சொலினாய்டு, சாவி திருப்பினதும் மோட்டாருக்குக் கரண்ட்டைச் சேர்த்துவிடுகிற காந்த ஸ்விட்ச். நீ கேட்கிற "டக்" அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் இப்போதே கழற்றாதே. ஹெட்லைட் எரிவதை வைத்துப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது, லைட் இழுப்பது சில ஆம்பியர், செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் போகும். ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டியில் காலையில் பேட்டரியை அள, 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, வீட்டில் யாரையாவது சாவி திருப்பச் சொல்லி அந்த நேரத்திலும் அள. 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "டக்" என்ற பிறகும் 12-ஐ விட்டு இறங்கவே இல்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குள் போகவில்லை. அது கேபிளாக இருக்கலாம், சொலினாய்டு உள்ளே இருக்கிற காண்டாக்டாக இருக்கலாம், மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்ததாகவும் இருக்கலாம்.

கேபிளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் முளையில் வை, இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வை, சாவி திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் (பேட்டரி மைனஸை பாடியோடும் இன்ஜினோடும் சேர்க்கிற இணைப்பு) கெட்டுப்போயிருக்கிறது. பிளஸ் பக்கமும் இதேபோல், பேட்டரி பிளஸ்ஸுக்கும் மோட்டாரில் கேபிள் மாட்டியிருக்கிற போல்ட்டுக்கும் நடுவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் கோத்தகிரிப் பக்கம் வண்டிக்கு அடியில் ஈரம் காய்வதே இல்லை, பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற எர்த் பட்டை பச்சை பூத்துப்போயிருக்கும். அதைச் சுரண்டி இறுக்கினாலே சரியாகிற வண்டிகள் நிறைய.

மலைரோடு:

மேலே சொன்னதெல்லாம் சரி, உருட்டி ஸ்டார்ட் செய்வதைப் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையில் பாதிப் பேருக்கு இது பழக்கமாகவே ஆகிவிட்டது. இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடையாது, சில மிதிகளிலேயே பெடல் இறுகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது, சாவி சரியாகத் திரும்பியிருக்காவிட்டால் ஸ்டீயரிங் லாக்கும் விழுந்துவிடும். வாசல் இறக்கம் ரோட்டில் போய்ச் சேருகிற இடத்தில் எஸ்டேட் லாரியோ பஸ்ஸோ வந்தால் என்ன செய்வீர்கள்? எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குள் போய், புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரையும் கெடுக்கலாம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்னொன்று. கழற்றுவது என்று முடிவானால் சரிவில் ஜாக்கி போடவே போடாதீர்கள். சமமான இடம் கிடைக்கும்வரை வண்டியைக் கொண்டுபோங்கள், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும்.

மேட்டுப்பாளையம்_ஒயரிங்:

காலையில் மட்டும் தகராறு, வெயிலில் சரி என்றால் குளிருக்கும் பங்கு இருக்கிறது. பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் பேட்டரியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். ஊட்டி, தலைக்குந்தா பக்கம் உறைபனி விழுகிற மாதங்களில் அங்கிருந்து இறங்கி வருகிற வண்டிகளில் இதைப் பார்க்கிறேன், கீழே வந்ததும் ஒரே சாவியில் எடுக்கும், மேலே போனதும் மறுபடி மக்கர். தேய்ந்த பிரஷ் குளிரில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சோதனை ஒன்று: ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மோட்டார் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். சுற்ற ஆரம்பித்தால் பிரஷ் அல்லது சொலினாய்டு, சந்தேகமில்லை. அதற்காகப் புது மோட்டார் வேண்டியதில்லை. பிரஷ், புஷ் (தண்டைத் தாங்குகிற வளையம்), காண்டாக்ட் மாற்றி, ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுற்றுகிற பாகம்) சுத்தம் செய்தாலே இன்னும் பல வருஷம் ஓடும். ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டும் மாற்று யோசியுங்கள்.

கழற்றும்போது பேட்டரி மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதுவே கடைசி. அந்தத் தடித்த கேபிளில் ஃபியூஸ் கிடையாது, மைனஸ் இருக்கும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு தடித்த கேபிள் நட், சின்ன ஒயரின் கிளிப், அப்புறம் கியர்பாக்ஸில் பிடித்திருக்கிற போல்ட்கள், பெரும்பாலும் இரண்டு. மேல் போல்ட்டுக்கு நீளமான எக்ஸ்டென்ஷன் வேண்டும். கடைசி போல்ட்டை எடுக்கும்போது மோட்டாரைக் கையில் தாங்கிக்கொள்ளுங்கள், சின்ன வண்டி மோட்டாரே சில கிலோ கனம், ஒயரில் தொங்கவிடக் கூடாது.

அரவேனுக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அளந்து பார்த்தேன். பேட்டரி 12.5, சாவி திருப்பும்போது 12.1, எர்த் பக்கமும் பிளஸ் பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டவில்லை. கட்டையால் தட்டினதும் உடனே சுற்றிவிட்டது. உருட்டுவதையும் விட்டுவிட்டேன் அண்ணா. பக்கத்து வீட்டுக் களத்தில் சமதரை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கழற்றி மேட்டுப்பாளையம் கொண்டுவருகிறேன். ஒரு சந்தேகம், எப்போதாவது "கர்ர்" என்று பல் உரசுகிற சத்தமும் வருகிறதே, அதுவும் பிரஷ்ஷா?

மேட்டுப்பாளையம்_ஒயரிங்:

இல்லை, அது பெண்டிக்ஸ் (மோட்டார் முனையிலிருந்து போய் ஃபிளைவீலைப் பிடித்துச் சுற்றுகிற சின்னப் பல் சக்கரம்) பல்லோ, ஃபிளைவீலைச் சுற்றியிருக்கிற ரிங்கின் பல்லோ. மோட்டாரை எடுத்த பிறகு அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி ரிங்கை முழு வட்டமும் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும், அதனால் அந்த இரண்டு இடத்துப் பல் மட்டும் தேயும், ஒரு பக்கம் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பெண்டிக்ஸ் தேய்ந்திருந்தால் அதையும் இங்கேயே மாற்றிவிடலாம், ரிங் போயிருந்தால் கியர்பாக்ஸ் இறக்க வேண்டிய வேலை. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள், பெண்டிக்ஸ் வாங்குவதற்கு முன்னால் பார்த்துவிடலாம்.