வெளிநாட்டு விண்வெளி மானியத்துக்குப் பங்காளியாச் சேரச் சொல்லிக் கேக்கினம், கையெழுத்து வைக்கலாமா?

ஹம்டன்லேன்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மொறட்டுவையில படிச்சு முடிச்ச நாலு பேர். வெள்ளவத்தையில ஒரு மொட்டை மாடியில அன்டெனா பூட்டி, செய்மதி அனுப்புற சிக்னலைப் பிடிச்சுத் தரவாக்கிற ரிசீவர் போர்டும் அதுக்கான மென்பொருளும் செய்திருக்கிறம். கம்பனியாப் பதிஞ்சாச்சு. 435 மெகாஹேர்ட்ஸ் பக்கம் பேசுற சின்னச் செய்மதிகளை இப்ப ஒழுங்கா எடுக்கிறம். கடல் காத்துக்கு அன்டெனாவின்ர இணைப்புகள் உப்புப் பூத்துப் போகுது, அடிக்கடி கழட்டித் துடைக்க வேணும், ஆனா வேலை செய்யுது. அடுத்தது, இதை விடக் கூடின அலைவரிசையில (எஸ்-பாண்ட், 2 கிகாஹேர்ட்ஸ் பக்கம்) பேசுற செய்மதிகளைப் பிடிக்க டிஷ் ஒண்டு போட வேணும். அதுக்குத்தான் காசு இல்லை.

அவுஸ்திரேலியாவில ஒரு சின்னக் கம்பனி எங்களோட கதைச்சது. தங்கட அரசாங்கத்திட்ட சர்வதேசக் கூட்டு முயற்சிக்கான மானியத்துக்கு விண்ணப்பிக்கினமாம், வெளிநாட்டுப் பங்காளி வேணுமாம். நல்ல சந்தோசம். நேற்று வரவுசெலவு ஷீட் வந்தது. எங்கட பெயருக்கு நேரே "பங்காளியின் பங்களிப்பு" எண்ட கட்டத்தில 40,000 டொலர் போட்டிருக்கு. "மானியத்தில இருந்து பெறுவது" எண்ட கட்டம் வெறுமை. கேட்டால், "இது வழமைதான், காசாத் தரத் தேவையில்லை, உங்கட உழைப்பாக் காட்டலாம்" எண்டு சொல்லினம். வெள்ளிக்கிழமைக்குள்ள கடிதத்தில கையெழுத்து வேணுமாம்.

இது நியாயமான முறையா? மானியம் எண்டால் எங்களுக்கும் ஒரு பங்கு வர வேண்டாமா? இலங்கையில இதுக்கு ஈடா எங்கயாவது காசு எடுக்கலாமா?

வானம்பார்த்தவன்

கையெழுத்து வைக்காதேங்கோ. உங்கட பெயரைக் காட்டித் தாங்கள் காசு எடுக்கப் பாக்கினம். அதை விட ஐநாவின்ர கிபோகியூப் திட்டத்துக்குப் போடுங்கோ. செய்மதியை இலவசமா விண்வெளி நிலையத்தில இருந்து விடுவினம். எங்கட சின்னச் செய்மதி ராவணா-1 ஜப்பான் மூலம் போனது தானே.

தெமட்டகொடை அக்கா

தம்பிமார், ரெண்டு நாட்டுக் கூட்டுத் திட்டங்களின்ர கணக்கும் அறிக்கையும் பாக்கிறதுதான் என்ர வேலை. அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

அந்த வெறும் கட்டம் ஏமாத்து இல்லை. இந்த மாதிரி மானியங்களில ஒவ்வொரு அரசாங்கமும் தன்ர வரிக்காசைத் தன்ர நாட்டுக் கம்பனிக்குத்தான் பெரும்பாலும் குடுக்கும். அவுஸ்திரேலிய விண்வெளி முகமை 2024 இல இந்தியாவோட சேர்ந்து செய்யிற திட்டங்களுக்கு 18 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் குடுத்தது. அதை எடுத்தது ஸ்பேஸ் மெஷின்ஸ், லாட்கனெக்ட் 60, ஸ்கைகிராஃப்ட் எண்ட மூண்டு கம்பனிகள். மூண்டும் அவுஸ்திரேலியக் கம்பனிகள். அப்ப இந்தியாவுக்கு என்ன வந்தது? ஸ்பேஸ் மெஷின்ஸ் தன்ர விண்கலத்தை இந்தியாவின்ர எஸ்எஸ்எல்வி ரொக்கெற்றில ஏவ, இந்திய அரசின்ர விண்வெளி வணிகக் கம்பனியான என்எஸ்ஐஎல்லோட ஒப்பந்தம் செய்தது. அதாவது, என்எஸ்ஐஎல் தன்ர சேவையை விலை பேசி வித்தது. இதை மனசில வைச்சிருங்கோ, கீழ திரும்ப இதுக்குத்தான் வருவன்.

ரெண்டு பக்கமும் காசு வாற ஏற்பாடும் உலகத்தில இருக்கு. அமெரிக்காவும் இஸ்ரேலும் 1977 இல தொடங்கின பேர்ட் நிதியம் அப்பிடித்தான். ரெண்டு அரசாங்கமும் சரிசமமாப் போட்ட மூலதனம், நாட்டுக்கு ஒரு கம்பனியாச் சோடி சேர்ந்து விண்ணப்பிக்க வேணும், செலவில பாதி வரைக்கும் நிதியம் தரும், பொருள் விலைப்பட்டால் விற்பனையில இருந்து திருப்பிக் கட்ட வேணும். தோத்தால் கட்டத் தேவையில்லை. சிங்கப்பூர் 2022 இல விண்வெளித் தொழில்நுட்பத்துக்கெண்டே 150 மில்லியன் சிங்கப்பூர் டொலர் ஒதுக்கினது. அப்பிடி ஒரு நாட்டுக் கம்பனி மேசையில வந்து இருக்கேக்க தன்ர அரசாங்கத்தின்ர காசோட வருது. எங்கட பிள்ளையள் வெறுங்கையோட போய் இருக்க வேண்டிக் கிடக்கு. எனக்கு இதில உண்மையான கவலை. கட்டுபெத்தவில விண்வெளித் தொழில்நுட்பத்தில வேலை செய்யிற ஆதர் சி. கிளார்க் நிலையம் 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தோட தொடங்கினது. நிறுவனம் இருக்கு, படிச்ச பொறியியலாளர்மார் இருக்கினம். வெளிநாட்டு மானியத்துக்கு ஈடா நிக்கிற ஒரு சின்ன நிதி இருந்தால் உங்கள மாதிரி ஆக்கள் சமமா இருந்து பேசலாம். தேசிய விஞ்ஞான மன்றத்தின்ர தொழில்நுட்ப மானியங்களையும் அரசாங்கத்தின்ர தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையமான ஐசிடிஏ புதுக் கம்பனிகளுக்கு நடத்தின ஸ்பைரலேஷன் திட்டத்தையும் கட்டாயம் பாருங்கோ. ஆனா ரெண்டும் விண்வெளிக்கெண்டு வந்ததில்லை, வெள்ளிக்கிழமைக்குள்ள அதுகளில இருந்து காசு வராது.

கிபோகியூப் பற்றி: அது நல்ல திட்டம். ஐநாவின்ர விண்வெளி அலுவலகமும் ஜப்பானின்ர விண்வெளி முகமையான ஜக்ஸாவும் 2015 இல தொடங்கினவை, முதல் வாய்ப்பை எடுத்த நைரோபி பல்கலைக்கழகத்தின்ர செய்மதி 2018 இல போனது. ஆனா அது கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. கம்பனிக்கில்லை. செய்மதி கட்டுற செலவும் உங்கட தலையிலதான். ராவணா-1 வேற வழி: ஜப்பானில கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தின்ர பேர்ட்ஸ்-3 திட்டத்தில எங்கட பொறியியலாளர்மார் அங்க போய்க் கட்டினது, 2019 ஜூனில விட்டது.

வெளிநாட்டு மானியத்தில இருந்து இலங்கை நிறுவனத்துக்கு நேரடியாவே காசு வாற இடம் எண்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின்ர ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப். எங்கட வருமான மட்டத்துக்கு நிதி பெறத் தகுதி இருக்கு. மூண்டு வேற வேற ஐரோப்பிய அல்லது இணைந்த நாட்டு நிறுவனங்கள் முதல்ல சேர வேணும், அதுக்கு மேலதான் நீங்கள். விண்வெளித் தலைப்புகள் சிலதில வெளிநாட்டாரை விடமாட்டினம், ஒவ்வொரு அழைப்பையும் வாசிச்சுப் பாக்க வேணும்.

இப்ப உங்கட ஷீட்டுக்கு வாறன். பங்காளி எண்ட கட்டத்தில இருந்து வெளிய வாங்கோ. மேல சொன்ன என்எஸ்ஐஎல் மாதிரி, சேவை தாற துணை ஒப்பந்தக்காரராப் போங்கோ. பங்காளி எண்டால் 40,000 டொலருக்கு நேரப்பதிவு, சம்பளச் சிட்டை எல்லாம் காட்ட வேண்டி வரும், கணக்காய்வு வந்தால் பதில் சொல்ல வேணும், கையில ஒரு சதமும் வராது. துணை ஒப்பந்தக்காரர் எண்டால் விலைப்பட்டியல் அனுப்பிறீங்கள், அவை தங்கட செலவாக் காட்டினம். சில மானியங்களில வெளிநாட்டுச் செலவுக்கு உச்ச வரம்பு இருக்கும், அதை அவையிட்டயே கேளுங்கோ.

ஹம்டன்லேன்

அக்கா, மிச்சம் நன்றி. ஒரு கேள்வி. விலை சொல்ல எங்களிட்ட என்ன இருக்கு? போர்டு அவையும் செய்வினம் தானே.

தெமட்டகொடை அக்கா

உங்களிட்ட இருக்கிறது இடம், தம்பி. கொழும்பு பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்க. துருவம் சுத்துற செய்மதி எங்கட தலைக்கு மேல ஒரு நாளில நாலைஞ்சு தரம்தான் வரும், ஒவ்வொருக்கா வரேக்கயும் பத்து நிமிசம் அளவுதான் பேசலாம். அதுக்கு வட துருவத்துக்குக் கிட்ட இருக்கிற நோர்வேயின்ர ஸ்வால்பார்ட் நிலையத்தோட நாங்கள் போட்டி போடேலாது, அங்க கிட்டத்தட்ட ஒவ்வொரு சுற்றிலயும் தெரியும். ஆனா பூமத்திய ரேகையை ஒட்டிச் சுத்துற செய்மதி எண்டால் கதை மாறுது. சிங்கப்பூரின்ர டெலியோஸ்-1 செய்மதி 2015 இல பூமத்திய ரேகைக்கு 15 பாகைச் சாய்வில சுத்தப் போனது. அப்பிடியான ஒண்டை ஸ்வால்பார்ட்டில இருந்து ஒரு நாளும் பாக்கேலாது, வெள்ளவத்தை மாடியில இருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு சுற்றிலயும் பாக்கலாம். அவையின்ர செய்மதி எந்தச் சாய்வில சுத்தப் போகுது எண்டு இண்டைக்கே கேளுங்கோ. பதிலைப் பொறுத்துத்தான் உங்கட விலை. தாழ்ந்த சாய்வெண்டால் தயங்காமல் மாதக் கட்டணம் கேளுங்கோ.

4எஸ்7 வானலை

அக்கா சொன்னதோட ஒரு முக்கியமான விசயம். 435 இல இருந்து 438 மெகாஹேர்ட்ஸ் அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கினது. படிக்கிறதுக்கும் பரிசோதனைக்கும் தாராளமாப் பாவிக்கலாம், காசுக்குச் சேவை விக்கேலாது. வணிகச் செய்மதி எண்டால் அவை 2200 – 2290 மெகாஹேர்ட்ஸ் மாதிரி எஸ்-பாண்ட் அலைவரிசை ஒண்டுக்கு, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில (ஐடியூ) பதிய வேணும், உங்கட நிலையத்துக்கு எல்விட்டிகல மாவத்தையில தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிட்ட அனுமதி எடுக்க வேணும். செய்மதிக்குக் கட்டளை அனுப்பிற எண்ணம் இருந்தால் இன்னும் கூடின வேலை. வானொலிக் கருவி இறக்குமதிக்கும் ஆணைக்குழுவின்ர அனுமதி தேவைப்படும். அது இல்லாமல் ஓடர் போட்டுச் சாமான் சுங்கத்தில மாசக்கணக்கா நிண்ட ஆக்களை எனக்குத் தெரியும். அனுமதிக்கு எடுக்கிற காலத்தைத் திட்ட அட்டவணையில முதல் வரியாவே போடுங்கோ.

கணக்குக்காரன்

துணை ஒப்பந்தம் எண்டால் அது சேவை ஏற்றுமதி வருமானம். 2025 ஏப்ரலில இருந்து அதுக்கு 15 வீத வரி, விலை சொல்லேக்க சேர்த்துக் கொள்ளுங்கோ. வணிக வெளிநாட்டு நாணயக் கணக்கொண்டு இப்பவே திறவுங்கோ.

தெமட்டகொடை அக்கா

கணக்குக்காரன் சொன்னதோட சேர்த்து, காசு எப்ப வரும் எண்டதையும் பாருங்கோ. நிறைய மானியங்கள் செலவழிச்ச பிறகு பற்றுச்சீட்டுக் காட்டித்தான் திருப்பி எடுக்கிறது. அவைக்கு வரப் பிந்தினால் உங்களுக்கும் பிந்தும். நாலு பேர் கம்பனி அதைத் தாங்காது. ஒப்பந்தத்தில முதல் கட்டக் கொடுப்பனவு முற்பணமா இருக்க வேணும், டிஷ் வாங்குற அளவுக்காவது. புலமைச் சொத்தில ஒரு வரி: ரிசீவரும் மென்பொருளும் திட்டத்துக்கு முன்னமே உங்களுடையது, அவை பாவிக்கலாம், சொந்தம் கொண்டாடேலாது.

வெள்ளிக்கிழமைக்கு இப்பிடிச் செய்யுங்கோ. ஆதரவுக் கடிதம் குடுங்கோ, ஆனா தொகை எழுதாமல். "செய்மதித் தரவைத் தரை நிலையத்தில் பெற்றுத் தரும் சேவையை வழங்க விரும்புகிறோம், விலையும் நிபந்தனைகளும் பின்னர் செய்யும் எழுத்து ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை" எண்டு ரெண்டு வரி போதும். நல்ல மனசுள்ள கம்பனி எண்டால் ஏற்றுக்கொள்ளும். 40,000 இல்லாமல் முடியாது எண்டு நிண்டால், ஷீட்டின்ர மற்றப் பக்கங்களையும் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. பதில் வந்தவுடன பெயர்களை மறைச்சு இஞ்ச போடுங்கோ, வரி வரியாப் பாத்துத் தாறன்.