வணிகப் பிரபு வேஷம் கட்டியவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஆல்பியன் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் இத்தனை வருஷமாக எனக்கு ஒரே கதாபாத்திரம்தான். தாத்தா நெசவாளி, அப்பா வட்டிக்குக் கொடுத்தவர், பேரன் பிரபு. யாகோப் ஃபுக்கரைப் பற்றிப் படித்தபோது பிடித்த யோசனை இது. அவரும் ஆக்ஸ்பர்க் நகரத்து நெசவாளிக் குடும்பத்து வாரிசுதான். பேரரசருக்கே கடன் கொடுத்து, 1511-இல் பிரபு பட்டம் பெற்றார். 1519-இல் ஐந்தாம் சார்லஸைப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கச் செலவான பணத்தில் பாதிக்கு மேல் அவர் ஏற்பாடு செய்தது. இப்படிப்பட்ட ஆள் பெட்டியைத் திறந்து காசு எண்ணிக்கொண்டு உட்காரமாட்டார். அவர் பணம் எந்நேரமும் வெளியே யாரோ ஒருவர் கையில் இருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறேன்.

ஆல்பியன் இதற்கு ரொம்பப் பொருத்தம். அங்கே ஊருக்கு ஊர் சந்தை தனி. மார்ட்லாக்கில் மலிவாகக் கிடைப்பதைக் கேர்லியனுக்குக் கொண்டுபோனால் நல்ல லாபம். ஆனால் கேர்லியனைச் சுற்றிச் சிவப்பு மண்டலம், மற்ற ஆட்டக்காரர்கள் தாக்கக்கூடிய இடம். அங்கே வெட்டுப்பட்டால் மூட்டையும் போச்சு, போட்டிருக்கும் கவசமும் போச்சு.

ஒருநாள் எருது நிறையத் தோல் ஏற்றிக்கொண்டு, மூன்று பேரைக் காவலுக்குக் கூலி பேசிக் கிளம்பினேன். எருது மெதுவாகத்தான் போகும். பாதி வழியில் முன்னால் போனவர் "ஏழு பேர்" என்று தட்டினார். அவ்வளவுதான், அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நாலு பேரும் மார்ட்லாக்கில் வெறும் உடம்போடு நின்றோம்.

மூவரில் இளையவர் எழுதினார்: "பிரபுவே, மன்னிக்கணும். கூலி வேண்டாம்."

நான் உடனே பதில் எழுதவில்லை. எனக்குக் கோபம்தான், ஒரு வார உழைப்பு அது. ஆனால் என் பிரபு என்ன செய்வார்? கடைசியில் எழுதினேன்: "கூலி பேசியது கூட வருவதற்கு. வந்தீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்." பேசிய சில்வரை, அதாவது அந்த விளையாட்டின் காசைக் கொடுத்தேன். புதுக் கவசத்துக்கும் சேர்த்துக் கொடுத்து, "இது கடன். ஆறு தவணை. வட்டி இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் நேரில் வந்து கட்ட வேண்டும்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எங்கள் குழுவின் கதையையே மாற்றின. ஒருவர் சில்வருக்குப் பதில் தோல் கொண்டுவந்தார். அதன் தரம் பற்றி அரை மணி நேரம் பேரம் நடந்தது. சுற்றி நின்று பார்க்க ஆட்கள் வந்தார்கள், அவர்களில் இருவர் தாங்களும் கடன் கேட்டார்கள். அந்தச் சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால் இதில் ஒன்றுமே நடந்திருக்காது.

*

மேலே நண்பர் "பணம் வெளியே இருக்கும்" என்று சொன்னது எனக்கு உறைத்தது. நான் நேர்மாறாக ஆடி, ஒரு நல்ல குழுவைக் கிட்டத்தட்டக் கெடுத்தேன்.

என் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, பேசியே கதையை நடத்தும் வேஷ விளையாட்டு. ஆன்லைனில் குரல் அழைப்பில் வாரம் ஒருமுறை கூடுவோம். 2014 விதிப்புத்தகத்தில் பிரபு பின்னணி எடுத்தால் நல்ல உடை, முத்திரை மோதிரம், வம்சாவளிச் சுருள், 25 பொற்காசு. தொடக்கத்தில் அவ்வளவுதான். ஆனால் என் பாத்திரம் பெரிய வணிகக் குடும்பம் என்று கதை எழுதியிருந்தேன், கதையை நடத்தும் எங்கள் நடத்துனரும் தாராளமாக விட்டார். பூட்டைத் திறக்கணுமா, காவலனுக்குக் காசு. ஆற்றைக் கடக்கணுமா, படகையே விலைக்கு வாங்கு. நாலாவது வாரம் திருடி வேஷம் போட்டவர் தனியாக எனக்கு எழுதினார்: "உங்க பிரபு இருந்தா எனக்கு வேலையே இல்லையே."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் அந்தப் பாத்திரத்துக்காக எத்தனை பக்கம் எழுதி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நடத்துனரிடம் பேசி, குடும்பக் கப்பல்கள் திரும்பவில்லை என்று செய்தி வரவைத்தோம். அடுத்த ஆட்டத்தில் என் பிரபு முத்திரை மோதிரத்தை அடகு வைத்தார். அதை மீட்கத் திருடியின் உதவி தேவைப்பட்டது. மூன்று வாரம் முழுக்க அவர் ஆட்டம்தான். அடகுக்கடைக் கூரையில் அவர் ஊர்ந்து போனபோது எங்களில் ஒருவர்கூட மூச்சுவிடவில்லை.

பிரபுவிடம் பட்டம் இருக்கட்டும், செல்வாக்கு இருக்கட்டும். கையில் ரொக்கம் மட்டும் குறைவாக இருக்கட்டும். புதிதாக இந்த வேஷம் எடுக்கிறவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

*

நான் ஆடுவது எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு. அங்கே எல்லாருக்கும் பொதுவான ஏலக்கூடம் இல்லை. ஊர்ச் சந்தையில் கடை வேண்டுமென்றால் கில்டுகள், அதாவது ஆட்டக்காரர் சங்கங்கள், வாராவாரம் ஏலம் கேட்கணும். ஒரு கில்டில் 500 பேர் வரை இருக்கலாம், ஏலத்துக்கான தங்கத்தை அவர்களிடம்தான் திரட்டணும். என் பிரபு சீமாட்டி. நன்கொடை கேட்டு நச்சரிப்பதற்குப் பதிலாக மாதம் ஒரு விருந்து வைத்து, கொடுத்தவர்கள் பெயரை நடிப்போடு வாசிப்பேன். ஒருமுறை ஏலத்தில் தோற்றுக் கடை போய்விட்டது. அந்த வாரமும் விருந்து வைத்தேன், வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: அந்த மூன்று பேரும் கடனை அடைத்தார்களா?

*

இரண்டு பேர் அடைத்துவிட்டார்கள். "கூலி வேண்டாம்" என்ற அந்த இளையவர் மட்டும் ஐந்து தவணையோடு நிறுத்திவிட்டார். ஞாயிறு தவறாமல் வருகிறார், வந்து "இந்த வாரம் கொஞ்சம் கஷ்டம் பிரபுவே" என்கிறார். நானும் சரி என்று இன்னொரு வாரம் அவகாசம் கொடுக்கிறேன்.