இரும்புக்கடைத் தராசில் ஏறிய ராடு

கடலூர் முதுநகரிலிருந்து:

ஊக்கமருந்து போடாமல் பவர்லிஃப்டிங் (ராடில் எடை மாட்டித் தூக்கும் போட்டி) செய்கிறவன் நான். எங்கள் ஜிம் ஒரு பழைய குடோன். உப்புக்காற்றில் ராடு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் தடவி வைப்பது என் வேலை. 2013ல் சேர்ந்தபோது எடை 61 கிலோ. முதல் வருடமே டெட்லிஃப்ட், அதாவது ராடைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது, 70 கிலோவிலிருந்து 140க்கு வந்தது. அடுத்த வருடம் 175. இதே வேகத்தில் போனால் எங்கே போய் நிற்பேன் என்று நோட்டில் கணக்கெல்லாம் போட்டு வைத்தேன். மூன்றாம் வருடம் கூடியது பன்னிரண்டரை கிலோ. நாலாம் வருடம் ஐந்து.

அப்போதுதான் ஜிம்மில் மூத்த அண்ணன் ஒருவர் டீக்கடையில் வைத்துச் சொன்னார்: "தம்பி, உன் உடம்பு இவ்ளோதான் குடுக்கும். ஒரு கோர்ஸ் போடு. பத்து வாரம், அப்புறம் பாரு." ஸ்டெராய்டு ஊசியைத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் நான் திணறும்போதெல்லாம் பின்னால் நின்று தாங்கியவர். கையில் காசில்லாத மாதங்களில் எனக்கு முட்டை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. 1996ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியை வாரம் 600 மில்லிகிராம் அளவில் பத்து வாரம் போட்டுக்கொண்டவர்களில் பயிற்சியே செய்யாதவர்களுக்குக்கூடக் கொழுப்பு நீங்கலான எடை சராசரியாக 3 கிலோவுக்கு மேல் கூடியது. ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 கிலோ அளவில்தான். இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் ஜிம் பக்கமே போகவில்லை. கடைசியில் போடாமல் இருந்ததற்கு நான் பெரிய யோக்கியன் என்பது காரணமில்லை. பெரியப்பா 48 வயதில் மாரடைப்பில் போனவர், அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. ஸ்டெராய்டு நல்ல கொழுப்பை இறக்கிக் கெட்டதை ஏற்றும், இதயச் சுவரைத் தடிக்க வைக்கும் என்றார்கள். பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

2017ல் புதுச்சேரியில் ஒரு போட்டி. ஜிம்மில் 180 ஸ்குவாட் போடுகிறவன், பத்திரமாக 170ல் ஆரம்பித்தேன். முதல் தடவை எழவே முடியவில்லை. இரண்டாவதில் எழுந்தேன், ஆனால் இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே இறங்கவில்லை என்று மூன்று நடுவர்களும் சிவப்பு விளக்கு போட்டார்கள். மூன்றாவதில் மறுபடி கீழேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்குவாட்டில் மூன்று தடவையும் போனால், ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றையும் கூட்டும் மொத்தக் கணக்கே கிடையாது. அத்தோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் ராடையும் பிளேட்டுகளையும் மீன்பாடி வண்டியில் ஏற்றி ஒரு பழைய இரும்புக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் விற்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து விலை சொன்னார். இருபது கிலோ என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த ராடு 16 கிலோ 400 கிராம். "20" என்று வார்ப்பில் எழுதியிருந்த எட்டு பிளேட்டில் ஒன்றுகூட இருபது இல்லை. எல்லாம் பதினெட்டரைக்கும் பத்தொன்பதேகாலுக்கும் நடுவில். கூட்டிப் பார்த்தால் என் 180, 167 கிலோ 600 கிராம். அதுவும் பாதி உட்கார்ந்து எழுந்தது.

அன்றைக்கே ஒவ்வொரு பிளேட்டிலும் உண்மையான எடையை வெள்ளைப் பெயின்டில் எழுதினேன். ஜிம்மில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம். மல்லாந்து படுத்துத் தூக்கும் பெஞ்சில் அவர்கள் கணக்கெல்லாம் ஒரே நாளில் இறங்கிவிட்டதே! லேத் பட்டறையில் அரை கிலோ வட்டு நாலு கடைந்து வாங்கினேன். பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினால் ஒரு கிலோ கூடும். பிறகு அந்த ஒரு கிலோவைத்தான் துரத்தினேன், சில வருடம் அதுவும் சிக்கவில்லை. சிப்காட்டில் ஷிப்ட் வேலை என்பதால் நைட் ஷிப்ட் வாரத்தில் கனமாகத் தூக்குவதே இல்லை. தூக்கம் கெட்ட உடம்பில் ஏற்றினால் முதுகுதான் பிடிக்கிறது. சாப்பாடு மத்தி, முட்டை, சுண்டல், அதோடு தினம் 5 கிராம் கிரியேட்டின். அந்தப் பவுடர் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. 83 கிலோ உடல் எடைப் பிரிவில் ஸ்குவாட் 215, பெஞ்ச் 137.5, டெட்லிஃப்ட் 247.5. மொத்தம் 600, எல்லாம் போட்டி மேடையில் தூக்கியது. அந்த அண்ணன் இன்னும் என் பின்னால் வந்து நிற்கிறார்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து:

என் கதை மருந்துச் சோதனை பற்றியது. கடைசி டெட்லிஃப்ட் முடித்து பெல்ட்டைக் கழற்றுவதற்குள் சோதனைக்காரர்களில் ஒரு அக்கா வந்து பக்கத்தில் நின்றார். அதன்பின் ஒன்றரை மணி நேரம் என்னை விட்டு நகரவில்லை, கழிவறைக்குள்ளும்தான். 90 மில்லி சிறுநீர் வேண்டும். எடைப் பிரிவுக்காக முந்தின நாள் தண்ணீரைக் குறைத்திருந்தேன், எங்கே வரும்? முதல் தடவை 60தான். அதை மூடி சீல் வைத்துவிட்டு மறுபடி பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தேன். பிறகு ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் நானே ஊற்றி மூட வேண்டும். ஒரு வாரத்தில் சாப்பிட்ட மாத்திரை மருந்தையெல்லாம் எழுதச் சொன்னார்கள். அம்மா வைத்த சுக்குக் கஷாயத்தை எழுதணுமா என்று கேட்டதும்தான் அந்த அக்கா முதல்முறை சிரித்தார். கஷாயத்தை விடுங்கள், மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் சளி மாத்திரையைப் பாருங்கள். அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் போட்டி நாளில் மாட்டிக்கொள்ளலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். சோதனையில் தப்பியவரெல்லாம் மருந்து போடாத நேச்சுரல் என்று நான் நம்பவில்லை. எங்கள் வெயிட் கிளாஸிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

நான் ஸ்டெராய்டு போட்டவன். ஆறு மாதத்தில் பெஞ்ச் 30 கிலோ ஏறியது, நிறுத்தியதும் 20 இறங்கியது. கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தை இல்லை. ரிப்போர்ட்டில் விந்தணு கிட்டத்தட்ட இல்லை என்று வந்தது. டாக்டர் நேராகக் கேட்டார், "ஜிம்முக்குப் போறீங்களா?" வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது சரியாவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. இப்போது மகளுக்கு மூன்று வயது.

முதுநகர் அண்ணே, அந்த லேத் பட்டறை எங்கே இருக்கு? எனக்கும் அரை கிலோ வட்டு நாலு வேணும்.