உடற்கல்வி வகுப்பில் விலக்குக் கேட்கும் முன்

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையுடன் புதிதாகக் குடிபெயர்ந்த பெற்றோர் பலர், பள்ளியில் சேர்த்த கையோடு மருத்துவச் சான்றிதழைக் கொடுத்து உடற்கல்வி வகுப்பிலிருந்து விலக்குப் பெற்றுவிடுகிறார்கள். அடிபட்டுவிடுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த விலக்கு, மற்றவர்கள் ஓடியாடும் நேரமெல்லாம் பிள்ளையை மைதான ஓரத்தில் புள்ளிக்கணக்கு எழுத உட்கார வைப்பதில் முடிகிறது. நீங்கள் கேட்க வேண்டியது விலக்கை அல்ல, ஆட்டத்தில் மாற்றத்தை.

இது சலுகை கேட்பதாகாது. ஐ.நா. 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பள்ளியில் நடைபெறும் விளையாட்டிலும் இப்பிள்ளைகளுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் இருப்பவர்கள் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தையும், அமெரிக்காவில் இருப்பவர்கள் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவையும் சுட்டிக்காட்டலாம். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.

எத்தகைய மாற்றம் என்று ஆசிரியர் கேட்டால், நடைமுறையில் உள்ள ஆட்டங்களையே சொல்லுங்கள். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் பட்டெழும்பிய பிறகும் அடிக்கலாம். பார்வையற்றோருக்கென உருவான கோல்பால் என்ற பந்தாட்டத்தில் பந்துக்குள் மணிகள் ஒலிக்கும். ஆடுபவர் அனைவரும் கண்களை மறைத்துக்கொள்வதால், பார்வையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஆட்டம் ஒன்றே. எனக்கு மிகவும் பிடித்தது அமர்ந்தபடி ஆடும் கைப்பந்து: வலையைத் தாழ்த்தி வகுப்பு முழுவதும் தரையில் அமர்ந்துவிட்டால், கால் இயலாத பிள்ளைக்கென்று தனி ஏற்பாடே தேவைப்படாது, நன்றாக ஓடுபவர்கள்தாம் முதலில் திணறுவார்கள். விசில் சத்தமும் கூடத்தின் எதிரொலியும் தாங்காத ஆட்டிசப் பிள்ளைக்கு, விசிலுக்குப் பதில் கையசைவும், அன்றைய பயிற்சிகளை வரிசையாகக் காட்டும் படங்களும் உதவும்.

உடல்நலக் குறை எதுவுமில்லாமலே ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளும் உண்டு. தலையை மறைக்கும் சமய உடை விளையாட்டு விதிக்கு முரணானது என்று யாரேனும் சொன்னால், கால்பந்தில் 2014இலும் கூடைப்பந்தில் 2017இலும் சர்வதேச விதிகளே அதை அனுமதித்துவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள். உடை மாற்றத் தனி மறைவிடம் கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். மொழி புரியாத பிள்ளைக்கு, தூரத்திலிருந்து கத்திச் சொல்லும் விதியைவிட ஒரு முறை ஆடிக் காட்டுவது போதும். அணித்தலைவர்களே ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தால், புதியவர் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். அணியை ஆசிரியரே பிரிக்கட்டும் என்று கேளுங்கள்.

வகுப்பாசிரியரோடு நிறுத்திக்கொள்ளாமல் உடற்கல்வி ஆசிரியரையும் நேரில் சந்தியுங்கள். பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். தன்னால் எது முடியும் என்பதை நம்மைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.