கலிபோர்னியா ஸ்பீடிங் டிக்கெட்: எழுத்து மூலம் எதிர்த்துப் பார்க்கலாமா?

வழிப்போக்கன்:
கலிபோர்னியாவில் 40 மைல் போர்டு போட்ட நகரச் சாலை. 53-ல் போனதாக ரேடார் வைத்து டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள், மாநில வாகனச் சட்டம் பிரிவு 22350. நேரில் போகாமல் எழுதிக் கொடுத்தே வழக்கை நடத்தலாமாமே, எப்படி? இல்லை, பேசாமல் டிராஃபிக் ஸ்கூல் (சாலை விதி வகுப்பு) போய்விடுவதா?

மைல்கல்:
22350 என்றால் வாதாட இடம் இருக்கிறது. ஃப்ரீவேயில் 65-ஐத் தாண்டியதற்கு 22349 போடுவார்கள். அதில் தாண்டினாலே குற்றம். 22350-ல் அந்த நேரம், அந்த நிலைமைக்கு அந்த வேகம் பாதுகாப்பானதுதான் என்று நீங்கள் நிரூபித்தால் குற்றமில்லை.

முதலில் அந்த நகரத்தின் டிராஃபிக் இன்ஜினியரிங் பிரிவுக்குப் பொதுப்பதிவுக் கோரிக்கை (அரசு ஆவண நகல் கேட்கும் மனு) அனுப்பி, அந்தச் சாலையின் வேக சர்வேயை (வண்டிகள் நிஜத்தில் போகும் வேகத்தை அளந்து எடுத்த ஆய்வு) வாங்குங்கள். ரேடார் கேஸ் நிற்க சர்வே 5 வருடத்துக்குள் இருக்க வேண்டும். அதிகாரிக்கு உரிய பயிற்சியும், ரேடாருக்கு 3 வருடத்துக்குள் சரிபார்ப்பும் இருந்தால் 7 வரை போகும். சாலையில் பெரிய மாற்றமில்லை என்று பதிவுபெற்ற இன்ஜினியரும் முடிவு செய்திருந்தால் 14. இதில் எதிலும் அடங்காவிட்டால் பிரிவு 40802-படி அது 'ஸ்பீட் ட்ராப்', ரேடார் சாட்சியம் செல்லாது. ஸ்கூல் ஸோனுக்கும் சின்னத் தெருக்களுக்கும் இந்த வாதம் எடுபடாது.

தேதியோடு நிறுத்தாமல் 85-வது சதமான வேகத்தையும் பாருங்கள். நூறு வண்டியில் 85 வண்டி அந்த வேகத்துக்குள் போகிறது என்று அர்த்தம். அது 47 என்றிருந்தால் போர்டு பொதுவாக 45 ஆக வேண்டும். 40 போட்டிருந்தால் ஏன் குறைத்தார்கள் என்று சர்வேயிலேயே காரணம் இருக்க வேண்டும்.

கோர்ட்டுப்படி:
எழுத்து மூல விசாரணை கேட்கும் படிவம் டிஆர்-205. நோட்டீஸில் உள்ள கடைசித் தேதிக்குள் முழு பெயில் தொகையோடு (முன்கூட்டியே கட்டி வைக்கும் அபராதத் தொகை) போய்ச் சேர வேண்டும். 15 மைல் வரை தாண்டியதற்கு அடிப்படை அபராதம் 35 டாலர்தான், மேல்கட்டணங்கள் ஏறி 200-ஐத் தாண்டிவிடும். ஜெயித்தால் திரும்ப வரும். அதிகாரியும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் பெரும்பாலும் தள்ளுபடிதான்.

வாக்குமூலம் ஒரு பக்கம் போதும்: சாலை காய்ந்திருந்ததா, வெளிச்சம், எதிரே வண்டி, நடந்து போனவர்கள், கூடவே சர்வே நகல். "எல்லாரும்தான் 55-ல் போனார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. "அதிகாரி சொல்லும் வேகத்தில் போயிருந்தாலும்" என்று ஆரம்பியுங்கள். டிக்கெட்டில் கார் நிறம் தப்பு என்பதெல்லாம் வேலைக்காகாது.

தோற்றாலும் டிஆர்-220 போட்டு நேரில் புது விசாரணை கேட்கலாம். 20 நாள் கெடு, கோர்ட் தபாலில் போட்ட தேதியிலிருந்து. கவர் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மைல்கல்:
ஸ்கூல் விஷயம்: 18 மாதத்துக்கு ஒரு முறைதான். அபராதத்தையும் கட்டி, கோர்ட் கட்டணமும் ஸ்கூல் ஃபீஸும் தனியாகக் கட்ட வேண்டும். ஆனால் லைசென்ஸ் பதிவில் ஏறும் 1 பாயிண்ட் (விதிமீறல் புள்ளி) இன்ஷூரன்ஸ் கம்பெனி கண்ணுக்குத் தெரியாது. கமர்ஷியல் லைசென்ஸ்காரர்களுக்கு அந்த மறைப்பு கிடையாது. எதிர்த்துத் தோற்றபின் ஸ்கூல் கிடைப்பது ஜட்ஜ் விருப்பம், அதனால் வாக்குமூலத்தின் கடைசி வரியிலேயே கேட்டு வையுங்கள். சர்வே புதிதாக, 85-வது சதமானமும் 40-ஐ ஒட்டியே இருந்தால் நான் ஸ்கூல்தான் சொல்வேன். சர்வே தேதி என்னவென்று வந்ததும் இங்கே போடுங்கள்.