பி.டி. கத்தரி விதை முளைக்குமா, முளைக்காதா?

ஈசூன் முருகு:
காவிரிமைந்தன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பி.டி. கத்தரிக்காயிலிருந்து எடுத்த விதை முளைக்காது, அதனால்தான் இந்தியா 2010இல் விரட்டியது" என்கிறார். முளைக்கும் ஐயா! புழுவைக் கொல்லும் புரதம் செடியிலேயே உண்டாக, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த கத்தரி, அவ்வளவுதான். 2009 அக்டோபரில் மரபணு மாற்றுப் பயிர்களுக்கான மத்திய அரசின் ஒப்புதல் குழு சம்மதித்தது. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். விஞ்ஞானிகளிடம் ஒருமித்த கருத்து இல்லை, மாநிலங்களும் எதிர்க்கின்றன என்றார். முளைப்பு எங்கே வந்தது?

காவிரிமைந்தன்:
எங்கள் ஊரில் பி.டி. பருத்தி போட்டவர்கள் வருடா வருடம் கடையில்தான் விதை வாங்கினார்கள். முளைக்கிற விதையை எதற்கு மறுபடி வாங்க வேண்டும்? பத்தாவது மாடியில் இருந்துகொண்டு எனக்கு மண்ணைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள்.

ஈசூன் முருகு:
அது வீரிய ஒட்டு விதை, இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்தது. எடுத்து வைத்து விதைத்தாலும் முளைக்கும். செடிக்குச் செடி குணம் மாறும், மகசூல் விழும். பி.டி. இல்லாத ஒட்டு விதையும் அப்படித்தான். வங்கதேசம் 2013இல் அனுமதித்த நான்கு பி.டி. கத்தரி ரகங்களும் ஒட்டு ரகம் இல்லை. 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தார்கள், அவர்கள் தாராளமாக விதை எடுத்து வைக்கலாம். எடுத்து வைத்து விதைத்தால் முளைக்காத விதைக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள், உண்மை. அது கடைக்கு வரவே இல்லை!

செம்பவாங் செல்வி:
தம்பி, நான் வாராவாரம் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறேன். காம்புப் பக்கம் ஊசி முனை அளவு துளை இருக்கும், அறுத்தால் உள்ளே பழுப்பாகப் புழு குடைந்த பாதை. துளையே இல்லாமல் பளபளவென்று இருந்தால் எத்தனை தடவை மருந்து அடித்தார்களோ என்று பயம். அதைப் பேசுங்களேன்.

தோ பாயோ ராஜா:
நம் சிங்கப்பூரில் உருவாக்கிய தெமாசெக் அரிசியும் மரபணு மாற்றியதுதானே அக்கா, சாப்பிடவில்லையா?

ஈசூன் முருகு:
இல்லை! அது ரகங்களைக் கலந்து வளர்த்துத் தேர்ந்தெடுத்தது. தெரியாததை எழுதாதீர்கள். செல்வி அக்கா, அந்தக் காய்த்துளைப்பானுக்காகத்தான் பி.டி. கத்தரியே வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நம் ஊர் ரகங்களில் செய்து பார்த்தது. சோதனை வயலோடு நின்றுவிட்டது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காவிரிமைந்தன்:
குஜராத்தில் பி.டி. பருத்தியிலேயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு திரும்ப வந்ததே, அதைச் சொல்ல மாட்டீர்கள். ராஜா மேல் பாய்வதும் புதிதில்லை. போன பொங்கலுக்குச் சமூக மன்றத்தில் பந்திக் கணக்கு கேட்டபோதும் இப்படித்தான் கத்தினீர்கள்.

ஈசூன் முருகு:
புழு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். பொங்கல் ரசீது இரண்டு தடவை அனுப்பியாயிற்று. முளைக்காத பி.டி. கத்தரி ரகம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

காவிரிமைந்தன்:
முளைக்காது. அப்புறம், ரசீது எனக்கு வரவில்லை.

ஈசூன் முருகு:
முளைக்கும்! ரகத்தின் பெயர்?